பிளேட்லெட் ஏறாத ஒரு ஐ.டி.பி. கேஸ்: ரக்தபித்த முறையில் 18 மாதச் சிகிச்சை

ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்து ரத்தம் கசியும் ஐ.டி.பி. நோய்க்கு ஆயுர்வேத சிகிச்சை என்று வெளியாகும் நிகழ்வு ஆய்வுகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே தடம்தான். பிளேட்லெட் 12,000-ல் வந்தார், இன்னின்ன கஷாயம் கொடுத்தோம், மூன்று மாதத்தில் ஒன்றரை லட்சம். கூடவே ஓடிக்கொண்டிருந்த ஸ்டீராய்டு எப்போது குறைந்தது, எப்போது நின்றது என்று தேடினால் பல நேரம் ஒரு வரிகூட இருக்காது.

இந்தக் கேஸ் அந்த வகை இல்லை. ஒன்றரை வருடம் பார்த்தும் எங்கள் ஆயுர்வேத மருந்தில் பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் ஸ்டீராய்டை விட்டு வெளியே வந்தார், ரத்தப்போக்கு அடங்கியது, தையல் வேலைக்குத் திரும்பினார். இதில் எங்கள் மருந்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர் இல்லாமல் எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்க, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிடுவதுதான் ஐ.டி.பி. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியும் கொஞ்சம் அடிபடும். குற்றவாளி நோயாளியின் ரத்தத்திலேயே சுற்றுகிறது என்பதை நிரூபித்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த வில்லியம் ஹாரிங்டன். ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தை சுமார் அரை லிட்டர் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதலபாதாளத்துக்கு இறங்கியது, சில நாளில் தானாக மீண்டது. 1951-ல் அந்த முடிவு வெளியானது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது.

குழந்தைகளுக்கு வந்தால் பத்தில் எட்டு பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு அப்படியில்லை, நீண்டு போகும். 12 மாதம் தாண்டினால் நாட்பட்டது என்று பெயர். ஆனால் பெரியவர்களிலும் சிலருக்கு வருடங்கள் கழித்துக்கூடத் தானாக ஏறுவது உண்டு. எந்த வைத்தியமாக இருந்தாலும் பெருமை பேசுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நோயாளி

வயது 38. தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். எங்களிடம் வருவதற்கு 14 மாதம் முன்பு தொடையிலும் முழங்கைக்கு மேலும் அடிபடாமலே நீலம் நீலமாகக் கன்றியிருக்கிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். அந்த மாத விலக்கு ஒன்பது நாள் கட்டி கட்டியாகப் போனபிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். பிளேட்லெட் 8,000, ஹீமோகுளோபின் 8.9.

மருத்துவமனையில் சேர்த்து முறையாகப் பார்த்திருந்தார்கள். ரத்தப் பூச்சில் பிளேட்லெட் மிகக் குறைவு, இருந்தவற்றில் சில பெரிய அளவில். மற்ற அணுக்கள் சரி. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. வேதிப்பொருளால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இயந்திரம் பொய்யாகக் குறைத்துக் காட்டுவது உண்டு. அப்படிப்பட்ட ஆளுக்கு நோயே கிடையாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, தைராய்டு, லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய்க்கான ஏ.என்.ஏ. சோதனை எல்லாம் பார்த்து விலக்கியிருந்தார்கள். மண்ணீரல் வீக்கமில்லை. ஐ.டி.பி.-க்கு என்று தனியாக ஒரு பரிசோதனை கிடையாது, மற்றதெல்லாம் இல்லை என்று ஆனபிறகு மிஞ்சுவதுதான் அது.

டெக்ஸாமெதசோன் 40 மில்லிகிராம் நான்கு நாள், பிறகு பிரெட்னிசோலோன், இரண்டும் ஸ்டீராய்டு. பிளேட்லெட் 1,10,000 வரை ஏறியது. மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து 10 மில்லிகிராமைத் தொட்டதும் 22,000-க்குச் சரிந்தது. இப்படி இரண்டு முறை. மண்ணீரலை எடுத்துவிடலாம், அல்லது ரிட்டுக்சிமாப் ஊசி, அல்லது எல்ட்ரோம்போபாக் மாத்திரை என்று மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பயம், மற்ற இரண்டுக்கும் கையில் காசில்லை.

இதற்கு நடுவே ஒரு சங்கதி. பக்கத்துத் தாலுகாவில் ஒருவரிடம் போய், லேபிள் ஒட்டாத பொட்டலத்தில் பழுப்புநிறப் பொடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டே வாரத்தில் 1,40,000! வீட்டில் பாயசம் வைத்தார்களாம். முகம் உப்பியது, பசி தாங்கவில்லை, தூக்கம் போனது. பொடி தீர்ந்த மூன்றாம் வாரம் பிளேட்லெட் மறுபடி தரையில். பரிசோதனைக்கு அனுப்ப ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை என்பதால் அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஐ.டி.பி.-யில் ஒரு மூலிகைப் பொடி இவ்வளவு வேகமாக வேலை செய்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான், சந்தோஷம் இல்லை.

எங்களிடம் வந்த அன்று பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம், பிளேட்லெட் 34,000, ஹீமோகுளோபின் 9.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. எடை 11 கிலோ கூடியிருந்தது. அக்கம்பக்கத்தார் சொல்லி இரண்டு மாதமாகப் பப்பாளி இலைச் சாறு வேறு குடித்து, வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ரக்தபித்தம் என்று எடுத்தால்

எங்கள் நூல்களில் ஐ.டி.பி. என்று ஒரு நோய் கிடையாது. அடிபடாமல் ரத்தம் கசிவதை, பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் ரக்தபித்தம் என்று தன் நூலில் நிதான ஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயத்திலும், சிகிச்சா ஸ்தானத்தின் நான்காம் அத்தியாயத்திலும் பேசுகிறார். மேல்வழியாக, அதாவது மூக்கு, வாய் வழியாக வந்தால் குணமாகும். கீழ்வழியாக வந்தால் கட்டுக்குள் வைக்கலாம். இரண்டு பக்கமும், மயிர்க்கால்கள் வழியாகவும் வந்தால் தேறாது என்பது அவர் கணக்கு. இந்தப் பெண்ணுக்கு ஈறு, மாதவிலக்கு, தோல் என மூன்று வழியும் திறந்திருந்தன. நூல்படி பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்ப வேண்டிய கேஸ். சரகருக்கு டெக்ஸாமெதசோன் தெரியாது, அவ்வளவுதான்.

சிகிச்சையிலும் நூலை அப்படியே பின்பற்றவில்லை. எதிர்வழியில் வெளியேற்றுவது விதி: மேல்வழி ரத்தத்துக்குப் பேதி, கீழ்வழிக்கு வாந்தி. பிளேட்லெட் 34,000 உள்ள ஒருவரை வமனம் என்ற பெயரில் வாந்தியெடுக்க வைத்தால் தலைக்குள் அழுத்தம் ஏறும், மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. நல்ல பலமுள்ளவருக்கு ஆரம்பத்தில் ரத்தத்தை நிறுத்தாதே, கெட்ட ரத்தம் உள்ளே தங்கினால் வேறு நோய் வரும் என்றும் ஓர் அறிவுரை இருக்கிறது. ஐ.டி.பி.-யில் அதைக் கேட்டால் ஆள் பிழைக்க மாட்டார். நல்லவேளையாக, மெலிந்து ரத்தம் இழந்தவர்களுக்கு சோதனம் (வெளியேற்றும் சிகிச்சை) வேண்டாம், சமனம் (மருந்தால் தணிப்பது) போதும் என்று சரகரே வழி விட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டோம். வமனம், வஸ்தி என்ற ஆசனவாய்வழி மருந்து, அட்டைவிடுதல், அழுத்தித் தேய்க்கும் எண்ணெய்ச் சிகிச்சை எதுவும் கிடையாது.

என்ன கொடுக்கவில்லை, ஏன்

இந்தக் கேஸில் மருந்தைத் தேர்ந்தெடுத்ததைவிடத் தவிர்த்ததற்கே அதிக நேரம் போனது.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் கேரள வழக்கம் கலந்திருப்பதால், ரக்தபித்தம் என்றதும் கை போவது வாசாகுளூச்யாதி கஷாயத்துக்கு. அதில் சீந்தில் இருக்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குத் தன்னுடல் தாக்கு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021-ல் மும்பையிலிருந்து கட்டுரை வந்தது. 2022-ல் பல மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. வேறொரு சீந்தில் இனத்தோடு குழப்பிக்கொண்டார்கள் என்பது ஆயுஷ் அமைச்சகத்தின் மறுப்பு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, ஏற்கெனவே எதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. மகாதிக்தக கிருதம் என்ற மருந்து நெய்யிலும் சீந்தில் உண்டு என்பதால் அதுவும் போனது.

அடுத்து அதிமதுரம். ரத்தப்போக்குக்கான எங்கள் மருந்துகள் பலவற்றில் இது எட்டிப் பார்க்கும், புஷ்யானுக சூர்ணம் உட்பட. அதிமதுரத்தின் கிளிசிரைசின் ஸ்டீராய்டு உடலில் சிதைவதைத் தடுக்கும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரெட்னிசோலோன் சாப்பிடும் ஒருவருக்கு அதிமதுரம் கொடுத்து பிளேட்லெட் ஏறினால், ஏற்றியது மூலிகையா, அல்லது அது தூக்கிவிட்ட ஸ்டீராய்டா? வெளியாகும் கேஸ்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சந்திரகலா ரசம் போன்ற பாதரசச் சேர்க்கை மருந்துகளைத் தொடவில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. முறையாகச் சுத்தி செய்தது வேறு என்று எங்கள் தரப்பில் வாதிடுவோம். வாதம் இருக்கட்டும், பல மாதம் நீளும் ஒரு சிகிச்சையில் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ரத்தப்போக்குக்கான உசீராசவத்தில் இனிப்பும் நொதித்து வந்த சாராயமும். சர்க்கரை 148 உள்ளவருக்கு அது எதற்கு.

பப்பாளி இலையை நிறுத்தினோம். அதன்மீது நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் டெங்குவில். டெங்கு, பிளேட்லெட் ஒரு வாரத்தில் தானாக ஏறும் நோய், இது வேறு கதை. தலைவலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். இடுப்பில் ஊசியும் கூடாது.

கொடுத்தவை

ஆடாதோடைதான் மையம். ஆடாதோடை இருக்கும்போது ரக்தபித்த நோயாளி ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கும் ஒரு சுலோகம் எங்களிடையே வெகு பிரபலம். பச்சை இலையை இடித்தால் சாறு வராது; வாழையிலையில் பொதிந்து இட்லிப் பானையில் அவித்து, சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். இதை அவருடைய மாமியாருக்கு நேரில் செய்து காட்டினோம். 15 மில்லி, காலையில், அரை ஸ்பூன் தேனோடு. ஆரம்பிக்கும் முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தோம். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உடையது. கர்ப்பிணிக்கு ஆகாத அதே குணம், அதிக மாதவிலக்கில் நமக்குச் சாதகமாக இருக்கலாம் என்பது என் யூகம்.

கூடவே, ஆடாதோடையையும் நெய்யையும் மட்டும் வைத்துக் காய்ச்சும் வாசா கிருதம் 10 கிராம். மாதவிலக்கு நாட்களில் லோத்திரப் பட்டைப் பொடியும் நாககேசரமும் சமமாகக் கலந்து 3 கிராம், இரண்டு வேளை, அரிசி கழுவிய தண்ணீரில். சாப்பாட்டில் கருவாடு, ஊறுகாய், காரக்குழம்பு குறைத்து, பாசிப்பயறு, புடலை, மாதுளை, முருங்கைக்கீரை. கருவாட்டால் ஐ.டி.பி. வரும் என்று நான் நம்பவில்லை; ஈறு கசியும் வாய்க்குக் காரமும் புளிப்பும் எரிச்சல், அவ்வளவே.

இரும்புச்சத்து மாத்திரை தொடர்ந்தது. மாதவிலக்கில் முதல் மூன்று நாள் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மகப்பேறு மருத்துவர் சொன்னபடி. பிரெட்னிசோலோனைக் குறைக்கும் அளவும் வேகமும் ரத்தவியல் மருத்துவரின் பொறுப்பு. அவரோடு போனில் பேசியபோது முதலில் அவருக்குத் தயக்கம். மருந்துப் பட்டியலை முழுசாக அனுப்பினோம், மாதந்தோறும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை செய்வோம் என்றோம். சரி, ஸ்டீராய்டை நீங்கள் தொடாதவரை எனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். நியாயமான நிபந்தனை. ஒரு வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கிடக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

எண்ணும் கசிவும்

வந்த புதிதில் அவர் வாரம் இருமுறை ரத்தம் கொடுத்து எண்ணிப் பார்ப்பவராக இருந்தார். 34,000 என்றால் சாப்பிடுவார், 29,000 என்றால் படுத்துவிடுவார். "கவுண்ட் ஏறினாத்தான் டாக்டர் எனக்கு உறக்கம் வரும்" என்றார். இந்த எண் காலைக்கும் மாலைக்கும், லேபுக்கு லேப் சில ஆயிரம் மாறும். வேறு ஆபத்து இல்லாத பெரியவருக்கு 30,000-க்கு மேல் இருந்து ரத்தப்போக்கும் இல்லையென்றால், மருந்தே இல்லாமல் கவனித்தால் போதும் என்பதுதான் 2019-ன் அமெரிக்க ரத்தவியல் சங்க வழிகாட்டியின் போக்கு.

அதனால் வேறொரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு கோடு போட்ட நோட்டு. தினமும் ஈறு, மூக்கு, புதுச் சிவப்புப் புள்ளி, கன்றிய இடம், மாதவிலக்கில் மாற்றிய நாப்கின். தொடையில் இருந்த நீலத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு ஓரத்தில் தேதி எழுதினோம். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில்: தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கறுப்பு மலம், வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத ரத்தம். இதில் ஒன்று வந்தாலும் எங்களுக்குப் போன் செய்ய வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனை.

போக்கு

முதல் மாத முடிவில் பிரெட்னிசோலோன் 15, பிளேட்லெட் 31,000. இரண்டாம் மாதம் 10 மில்லிகிராம், 41,000. முன்பு இருமுறை வழுக்கி விழுந்த படி இது, தாண்டிவிட்டார் என்று எல்லோருக்கும் ஒரு தெம்பு. மூன்றாம் மாதம் 7.5, 28,000.

நான்காம் மாத நடுவில் பிள்ளைக்கு வந்த காய்ச்சல் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் இரவு கன்னத்தின் உள்பக்கம் கறுத்த கொப்புளம். கணவர் நோட்டைப் பார்த்து நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பிளேட்லெட் 11,000. நான்கு நாள் டெக்ஸாமெதசோன். பத்து நாளில் 96,000. வைரஸ் காய்ச்சலில் ஐ.டி.பி. சரிவது தெரிந்த விஷயம். அந்த இரவில் ஆடாதோடைச் சாறு ஒரு பயனும் தந்திருக்காது. இந்த 96,000-ஐ எங்கள் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

பிறகு 7.5-லிருந்து மெல்ல இறக்கி, ஆறாம் மாதம் 5 மில்லிகிராமில் 52,000. ஒன்பதாம் மாதம் ஸ்டீராய்டு முழுசாக நின்றது, 47,000. ஒரு வருடத்தில் 58,000. அதன்பின் 43,000-க்கும் 65,000-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. நோட்டில் கடைசி ஏழு மாதம் ஈறு, மூக்குக் கட்டங்கள் காலி. ஹீமோகுளோபின் 12.1, சர்க்கரை 104, எடை 7 கிலோ இறங்கியது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளில் மாற்றமில்லை.

இதை வெற்றி என்பதா?

2009-ல் சர்வதேசக் குழு வகுத்த வரையறைப்படி, ரத்தப்போக்கு இல்லாமல் பிளேட்லெட் 30,000-க்கு மேல் போய், ஆரம்ப எண்ணைப்போல் குறைந்தது இரு மடங்கும் ஆனால்தான் பலன். எங்களிடம் வந்த அன்றைய 34,000-ஐ ஆரம்பமாக வைத்தால் 68,000 வேண்டும். தொடவில்லை, ஆகவே பலன் இல்லை. அது 20 மில்லிகிராம் ஸ்டீராய்டு தாங்கிப் பிடித்த எண், உண்மையான ஆரம்பம் 22,000 என்று வாதிட்டால் 44,000 போதும். ஆகவே பலன் உண்டு! ஒரே நோயாளி, ஒரே ரிப்போர்ட். எழுதுகிறவர் எந்த வரியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார் என்பதில் முடிவு தலைகீழாகிறது.

பிளேட்லெட் 50,000 வாக்கில் நிலைத்ததற்கு நோய் தானாகத் தணிந்தது காரணமாக இருக்கலாம். நடுவில் கொடுத்த டெக்ஸாமெதசோன் நோயின் போக்கையே மாற்றியிருக்கலாம். எங்கள் மருந்தால் ஏறியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஸ்டீராய்டு நின்றதற்குப் பெரிய காரணம், ரத்தவியல் மருத்துவரும் நாங்களும் பேசிவைத்து மெதுவாகக் குறைத்ததும், எண் 28,000-க்கு வந்தபோது யாரும் பதறி டோஸை ஏற்றாததும்தான்.

மாதவிலக்கு மட்டும் கொஞ்சம் வேறு. பத்தாம் மாதம் டிரானெக்ஸாமிக் ஆசிடை மகப்பேறு மருத்துவர் நிறுத்திவிட்டார். மாதவிலக்குக்கு லோத்திரப் பொடி மட்டும் தொடர்ந்தது, போக்கு ஐந்து நாளில் நின்றது. 15-ம் மாதம் நோயாளியிடம் சொல்லிவிட்டே எங்கள் எல்லா மருந்தையும் இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தோம். பிளேட்லெட்டில் அசைவில்லை: 51,000, 49,000. ஆனால் இரண்டு சுழற்சியிலும் போக்கு எட்டு நாள் வரை நீண்டது, நாப்கின் ஏறக்குறைய இரு மடங்கு. பொடியை மட்டும் மறுபடி தொடங்கியதும் ஆறு நாளுக்கு வந்தது. ஒருவருடைய சில சுழற்சிகளை வைத்து எதுவும் நிறுவ முடியாது. நிறுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது கிருதமும் சாறும் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் லோத்திரம், நாககேசரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் அன்றே ஒன்று. அடுத்து ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் என்ன எண் வேண்டும், டிரானெக்ஸாமிக் ஆசிட் கொண்டு வாய் கொப்பளிக்க வேண்டுமா என்பதைப் பல் மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் பேசி முடிவு செய்கிறார்கள்.